யாருக்காக விரதம்

"எவனுக்காகடி இந்த விரதம்? இப்பச் சொல்லு!"

புனிதா போட்ட சத்தத்தில் அந்தப் புந்தோங் வீட்டு வரிசையின் நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

"யாருக்காகவும் இல்லம்மா. எனக்குக் கோழி வேணாம். தனிச் சட்டியில எதாச்சும் வதக்கிக்கிறேன். அவ்வளவுதானே?"

இது மகள் தினேஸ்வரி. வயது பதினேழு. வாய்க்கு எழுபது.

அடுத்த வீட்டுக் குமுதா பின்பக்க வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காய்ந்த துண்டையே எடுத்து, உதறி, மறுபடியும் காயப்போட்டாள். சண்டை முடியும்வரை ஒரு வேலை வேண்டுமே.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் பால்குடம் எடுக்க விரதம் பிடித்த பெண். பூசம் முடிந்த ஞாயிறே ஊரெல்லாம் கோழிக் குழம்பு கொதித்தது. இவள் மட்டும் விரதத்தை முடிக்கவில்லை. மாசியும் பிறந்துவிட்டது.

வயசுப் பெண் காரணமில்லாமல் கோழியை வேண்டாம் என்பாளா?

குமுதாவுக்குக் காரணம் கிடைக்க அரைநாள்கூட ஆகவில்லை. பின் வரிசையில் சாரதாதேவி டீச்சர் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வாசலிலேயே விபூதி வாசனை. அந்த வீட்டுப் பையன் ஹரிஷாந்தும் இவளும் ஒரே பள்ளி, ஒரே பஸ். யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றால் சுத்த சைவம். அங்கே மருமகளாகப் போகத்தான் பெண் இப்போதே நாக்கைப் பழக்குகிறாள்.

இதை அன்று காலை, கறிவேப்பிலை கேட்கப் போன சாக்கில் புனிதாவின் காதில் போட்டுவிட்டு வந்திருந்தாள். நல்லெண்ணத்தில்தான்.

"ஸ்கூல் கிளப்புல நம்ம பழைய எஸ்டேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா," தினேஸ்வரி குரலை இறக்கவில்லை. "ரப்பர் மரம் நின்ன இடம் பூரா கோழிப் பண்ணை. கழுவி விடுற தண்ணி நேரா ஆத்துக்குத்தான் வருது. சோதிக்கிறதுக்கு ஒரு போத்தல் மொண்டேன். எத்தன தடவ சோப்பு போட்டும் கையில நாத்தம் போகலம்மா."

"ஆத்துக்காக எவளாச்சும் விரதம் இருப்பாளாடி? யாருகிட்ட கதை விடுற?"

நியாயமான கேள்வி. வேலிக்கு இந்தப் பக்கம் குமுதா தலையாட்டினாள்.

தினேஸ்வரி சட்டென்று வேலிப்பக்கம் திரும்பினாள்.

"ஆண்ட்டி, அந்தத் துண்டு எப்பவோ காஞ்சிருச்சு. நீங்களே சொல்லுங்க. நீங்களும் அம்மாவும் சின்னப்பிள்ளையில குளிச்ச ஆறுதானே? இப்ப அதுல கால் வைப்பீங்களா?"

குமுதா வாயைத் திறந்தாள்.

போன வருடம் எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, அந்தப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. திறந்த வாயை அப்படியே மூடினாள். புந்தோங் வரலாற்றிலேயே அது முதல் தடவை.

"அவளை ஏன்டி இழுக்கிற?" புனிதா கரண்டியை ஓங்கினாள். "சாமி முன்னால வா. டீச்சர் மகனுக்காக இல்லன்னு சத்தியம் பண்ணு!"

வாசல் கேட் தடதடவென்று ஆடியது.

சாரதாதேவி டீச்சர். அவரே. நேரில்.

பெண் கேட்டே வந்துவிட்டார்கள்! குமுதாவுக்குள் மேளம் கொட்டியது. வேலியோடு வேலியாக முன்வாசலுக்கு நகர்ந்தாள்.

"புனிதா, உங்கட மகள் என்ர பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தவ?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு இல்லாட்டி எங்கட வீட்டில ஆருக்கும் சோறு இறங்காது. இப்ப அவன் ஒண்டையும் தொடுறான் இல்லை. கேட்டா, தினேஸ் ஆத்துத் தண்ணியக் காட்டினவ எண்டு சொல்லுறான்!"

நண்டா?

குமுதா வேலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமாக நண்டு வாசனை, அதுவும் அவள் மூக்குக்கே தப்பியிருக்கிறது.

புனிதா ஓங்கிய கரண்டியை இறக்கினாள். டீச்சரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். டீச்சர் எதிரில் வந்தால் எப்போதும் கொஞ்சம் குனிந்தே பேசுகிற, ரப்பர் பால்மரம் வெட்டியவரின் மகள் அவள். அன்று நிமிர்ந்துவிட்டாள்.

"எம்மவ எவனுக்காகவும் சோத்த மாத்துறவ இல்ல டீச்சர். அவ சொல்லி மத்தவங்க மாத்திக்கிறாங்க. அதுக்கு நான் என்னலா செய்யட்டும்?"

டீச்சரிடம் ஒருமுறை சொன்னது புனிதாவுக்குப் போதவில்லை போல. வேலிப்பக்கம் திரும்பி, வரிசைக்கே கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னாள்.

பிறகு உள்ளே போனாள். விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சட்டியை இறக்கி மகள் கையில் கொடுத்தாள்.

"சத்தியமெல்லாம் வேணாம். ஐஸ்பெட்டியில கத்திரிக்கா இருக்கு, பாரு."

வருடங்கள் ஓடின. ஹரிஷாந்த் மெல்பர்னில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். அங்கே நண்டு இன்னும் பெரிதாம். மறுபடி தொட ஆரம்பித்துவிட்டான். டீச்சரும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

தினேஸ்வரி சரவாக்கில் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. புனிதா அதைக்கூட மகள் மந்திரியான மாதிரிதான் சொல்வாள். சொல்லிவிட்டு ஞாயிறானால் கோழி வாங்கவும் போய்விடுவாள்.

அந்த வரிசையில் இன்று கவிச்சி நுழையாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

கேட்டால், "கொலஸ்ட்ரால்லா, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு" என்கிறாள் குமுதா.