மகன் வந்தார்

மறதி வந்தது தங்கள் ஊரான அக்குறணையில் யாருக்கும் தெரியவேண்டாம் என்றுதான் நஸீப் தன் வாப்பா முஹைதீனைக் கெலிஓயாவிலுள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தான். அங்கே சீனி வருத்தம் என்ற நீரிழிவு உள்ளவர்களின் ஞாபகமறதியைப் பற்றி ஒரு மிஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வாப்பாவின் முறை வந்தது. கதிரையில் உட்கார்ந்தவர் சாரனோடேயே சிறுநீர் கழித்துவிட்டார். வாங்கில் முறைக்காக உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க இவருக்கு யாரு?" என்று மிஸ் நஸீபைக் கேட்டார்.

"பக்கத்து வீடு." வாய் முந்திக்கொண்டது.

மிஸ் வாப்பாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளைகள் இருக்காங்களா, ஹாஜியார்?"

"ஒரே மகன்," என்றார் வாப்பா. "இப்ப வந்துருவான்."

நஸீப் முகம் கழுவ வெளியே போனான். குழாயடியில் வேண்டுமென்றே தாமதித்தான். திரும்பி வந்தபோது கதிரை துடைத்துக் காலியாக இருந்தது.

"மகன் வந்து கூட்டிட்டுப் போய்ட்டாரே," என்றார் மிஸ். "மாத்துச் சாரனும் கொண்டு வந்திருந்தார். நல்ல பிள்ளை."

கண்டியில் பஸ் மாறி நஸீப் வீடு வந்து சேர்ந்தான். முற்றத்துக் கொடியில் வாப்பாவின் சாரன் துவைத்துக் காயப்போட்டிருந்தது. உள்ளே யாரோ, "இன்னும் ஒரு வாய், வாப்பா," என்று கெஞ்சுவது கேட்டது. குரல் நஸீபுடையதுதான். அதிலிருந்த பொறுமை மட்டும் அவனுடையதல்ல.

கதவைத் தட்டினான். மனைவி அஸீமா பாதிக் கதவைத் திறந்தாள். அந்நிய ஆணைக் கண்டவள்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவர் வாப்பாவுக்குச் சோறு ஊட்டுறார். நீங்க யாரு?"

நஸீப் தலையைக் குனிந்துகொண்டான்.

"பக்கத்து வீடு," என்றான்.