இடிக்குத் தப்பிய டிவி

சோலூரில் இடிமழைக்கு டிவி கருகிப்போன இசக்கிமுத்து, மறுநாள் பக்கத்து வீட்டு மயில்சாமியிடம் யோசனை கேட்க வந்தார்.

“ஏனுங்க, இடி மின்சாரத்தைத் தடுக்கற இந்த சர்ஜ் புரொடக்டரை மாட்டுனா டிவி தப்புமுங்களா? காசு வீணாப் போயிராதே?”

“கண்ணை மூடிட்டு வாங்குங்க. நான் மாட்டி நாலு வருசமாச்சு, எத்தனை இடி! எங்க ஊட்டு டிவிக்கு ஒரு கீறல் விழலை,” என்றார் மயில்சாமி பெருமையாக.

அப்போது வானம் உறுமியது. மயில்சாமி வழக்கம்போலத் துள்ளி எழுந்து ஓடினார். டிவியின் ஒயரை உருவிவிட்டு, சர்ஜ் புரொடக்டரையும் சுவரிலிருந்து கழற்றினார். துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“அதை எதுக்குங்க கழட்டுனீங்க?”

“வெல கூடுன பொருளுங்க. இடிக்குக் கெட்டுப் போயிருச்சுன்னா?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“அப்ப நாலு வருசமா டிவியைக் காப்பாத்துனது நான்தானுங்க போல,” என்று அசடு வழிந்தார்.