ஜன்னல் பக்கத்துக் கட்டில்

“ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குத்தான். உன் மாமியார்கிட்ட இப்பவே சொல்லி வை!”

போனை எடுத்ததும் எடுக்காததுமாக அம்மா வெடித்தாள்.

“ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? நீயே சொல்லேன்.”

“நாங்க பேசிக்கறதில்ல.”

“எப்பலேர்ந்து?”

“காலையில காபி குடிச்சதுலேர்ந்து.”

மகள் பென்சிலைக் கீழே போட்டாள். கட்டடங்களுக்கு பிளான் வரைவது அவள் வேலை. இன்று வரைந்த மாதிரிதான்.

வைத்த கையோடு அடுத்த போன். அவன். அவன் என்றால் அவள் புருஷன். இன்னும் கொஞ்ச நாளைக்கு.

“எங்கம்மா அழறாங்க. ஜன்னல் இல்லேன்னா கப்பலே வேணாமாம்.”

“எங்கம்மாவும் அதேதான்.”

“சரி, வரேன். வேற வழி?”

நாலு மாசக் கப்பல் பயணம். தனியாக இருந்த இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்து ஒரே அறை. பிள்ளைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சியது.

விஷயம் வேறு. கப்பல் கிளம்பிய மறுநாள் இவளும் அவனும் விவாகரத்துக்கு வக்கீலைப் பார்ப்பதாக ஏற்பாடு. அம்மாக்கள் ஊர் சுற்றித் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவன் ஏற்கெனவே நண்பனின் அறைக்குப் போயாச்சு. அது மட்டும் பெரியவர்கள் காதில் விழாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

கிளம்புவதற்குள் பழகிக்கொள்ளட்டும் என்று மாமியாரை அம்மா வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

எங்கே பழகுவது?

முதலில் அலமாரி. “பாதி அலமாரின்னா மீதித் துணியைத் தலையிலயா சுமப்பேன்?” என்றார் மாமியார். அப்புறம் குறட்டை. “அவங்க விடற குறட்டையில கப்பல் திசை மாறிடும்டி” என்றாள் அம்மா. ஒவ்வொரு சண்டைக்கும் இவள் ஒரு பக்கமிருந்தும் அவன் ஒரு பக்கமிருந்தும் ஓட வேண்டியிருந்தது. வயசான காலத்தில் இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அறையைக் கண்ணால பார்த்தாதான் அடங்குவாங்க. தரையில வரைஞ்சு வீடியோ எடுத்துக் காட்டலாம். டேப்பைப் பிடி” என்றாள் அவள், அவன் வீட்டுக்குள் வந்ததும்.

சோபாவைத் தள்ளிவிட்டு, ஹால் தரையில் டேப் ஒட்டினார்கள். இது கதவு. இது ஒரு கட்டில், இது இன்னொன்று. பால்கனிக் கண்ணாடிதான் ஜன்னல்.

அவன் டப்பிங் பேசுகிறவன். யார் குரலையும் சட்டை மாதிரி மாட்டிக்கொள்வான். டேப் கதவில் குனிந்து நுழைந்து, தன் அம்மா குரலை எடுத்தான்.

“இதென்ன சம்பந்தி, அறையா தீப்பெட்டியா?”

உடனே அவள் அம்மா குரல். “தீப்பெட்டிதான். நீங்க உரசாம இருந்தா சரி!”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து மாசக்கணக்காச்சு என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

“படுத்துப் பார்த்தாதானே இடம் போதுமான்னு தெரியும்?” என்றான்.

ஆளுக்கொரு கட்டிலில் படுத்தார்கள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. வெளியே வெளிச்சம் வடிந்து, திரைச்சீலை நீலமாகிக்கொண்டிருந்தது. அவன் உதட்டைக் குவித்து அலைச்சத்தம் போட்டான். எங்கேயோ தூரத்திலிருந்து வந்து, காதருகில் உடைந்து, மெல்லப் பின்வாங்கியது. மறுபடி வந்தது. தரை லேசாக ஆடுவதுபோல் அவளுக்கு இருந்தது.

“ஜன்னல்ல என்ன தெரியுது?” என்று கேட்டான்.

“தண்ணி. பார்க்கப் பார்க்கத் தண்ணி.”

“அப்புறம்?”

“அப்புறமும் தண்ணிதான். கரையே இல்ல. பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல.”

“நான் ஒருத்தி இல்லையா பக்கத்துல?” மாமியார் குரலில் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அதை உன் குரல்ல சொல்லேன்.”

அலைச்சத்தம் நின்றது. அவன் வாயைத் திறந்தான்.

போன் அலறியது.

“உன் மாமியார் பெட்டியைக் கட்டிட்டாங்க! உடனே வாங்க!”

“வந்து தொலையறோம்!”

அவன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். பிடிமானத்துக்கு அவன் தோள்தான் இருந்தது. வழி நெடுக அவள் கையை எடுக்கவில்லை.

அம்மா வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குக் கையை நீட்டினாள். உள்ளே சிரிப்புச் சத்தம்.

“ஒரே வண்டியில சம்பந்தி! ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேன். தோள்ல கை!” அது அம்மா.

“நிஜமாவா? அப்பாடா! நம்மகிட்ட மறைச்சுட்டாங்களாம். எந்த வீட்டுல தூங்கி எழுந்து வரான்னு என் பையன் சட்டைக் காலரைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? வக்கீல்கிட்ட போன்ல கிசுகிசுத்ததும் என் காதுல விழுந்துச்சே!”

“சண்டையை இன்னும் கொஞ்சம் இழுத்துட்டா வக்கீல் வீட்டு வழியே மறந்துடுவாங்க. ஆனா ஜன்னலும் தீர்ந்துட்டா, அடுத்து எதுக்குச் சண்டை போடறது?”

“அதான் சம்பந்தி, எனக்கும் ஒண்ணும் தோணல. சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கோங்க. மணி அடிக்கப் போறாங்க.”

மணியின் மேல் அவள் விரல் அப்படியே நின்றது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

அழுத்தினாள்.

கதவு திறந்தது. அம்மா அந்தச் சுவரைப் பார்த்தபடி. மாமியார் இந்தச் சுவரைப் பார்த்தபடி.

அவளும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

“ஜன்னல் கிடக்கட்டும்மா. ராத்திரி அறையில விளக்கு எரியணுமா, அணைக்கணுமா? அதுக்கு நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்டையே போடலையே!”