நான்காம் தொட்டி

பல் துலக்கி, நேற்றைய இட்லியைத் தின்று, ஏழு மணிக்கு நவநீதன் ஆலைக்குப் போனான். கோழி எருவில் எரிவாயு எடுத்தபின் வழியும் கறுப்பு நீரை நான்கு தொட்டிகளில் தெளிய வைத்து, மறுபடி எரு கரைக்கவே விடுவார்கள். கடைசித் தொட்டியில் ஒரு குவளை மொண்டு முகர்ந்தான். குமட்டியது.

“பன்னீராட்டம் இருக்குதுங்களா சார்?” என்று சிரித்தார் பம்ப்காரர்.

அப்போது மாமியார் போனில் அழைத்தார். “மாப்ள, நாளைக்குத் தாரணிக்குத் திதி. கடைசியா அவ அம்மான்னு கூப்புட்டத இன்னொருக்கா சொல்லுங்க.”

ஒரு வருடமாக அவன் சொல்லிவரும் பொய் அது. இன்று அதைச் சொல்ல வாய் திறந்தவன், குமட்டலில் ஊறிய எச்சிலைத் துப்பினான். அன்று ஆலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, கட்டிலருகே குனிந்தவனிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“தள்ளி நில்லுங்க. கோழிப்பீ நாத்தம் கொடலப் பொரட்டுது.”