சின்ன பிராசசர்

"பாய், எங்கப்பா படிக்காதவருன்னு மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டீங்களா?"

துபாயிலிருந்து பரிதி போட்ட போடில், குடவாசல் கம்ப்யூட்டர் கடை நௌஷாத்துக்குக் காது சூடாகிப் போச்சு.

"கொஞ்சம் கேளுங்க. வீட்டு வீடியோவெல்லாம் சேத்து வச்சு, நீங்க அங்கேருந்து பாக்கத்தானே அந்தப் பெட்டி? பெரிய பிராசசர் உள்ளதைப் போட்டே காமிச்சேன். உங்கப்பாதான் சின்னது போதும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு."

"ஒரு வீடியோ ஓடுறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே முடிஞ்சிடுது பாய். இங்க நம்ம ஊர்க்காரங்க நாப்பது பேரு இருக்கோம். ஒருத்தன் உங்க கடைப்பக்கம் வரமாட்டான், பாத்துக்குங்க!"

நௌஷாத் கடையே அப்படி வெளிநாட்டில் வேலை பார்க்கிறவங்க வீட்டு வியாபாரத்தில்தான் ஓடுகிறது. மறுநாள் மதியமே பெரிய பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பரிதியின் அப்பா இராஜாங்கம் வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி செவ்வந்தி, மகனோடு போனில்.

"வீடியோ இன்னும் சுத்துதாடா? உங்கப்பாவுக்கு வெத வாங்குறதுலேருந்து வேட்டி எடுக்குறது வரைக்கும் கஞ்சத்தனம். சரி, என்ன குழம்பு இன்னிக்கி?"

"நானே வச்ச வத்தக்குழம்பும்மா. ஒரே உப்பு. அக்கா புள்ள நடக்குறானாமே, வீடியோ பாதியில நிக்குது."

"நடக்குறதா? ஓட்டம்டா! நேத்து கோழியத் துரத்திக்கிட்டுப் போயி..." செவ்வந்தி கை காலெல்லாம் ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் பரிதி சிரித்துக்கொண்டே இருந்தான்.

நௌஷாத் பெட்டியைக் காட்டினான்.

"அண்ணே, இவ்வளவு பெரிய வீடியோவை உங்க மகன் போனுக்குத் தக்கபடி மாத்தி அனுப்புறது பிராசசர் வேலை. ரெண்டு ஹெச்.பி. மோட்டாரை வச்சு ஒரு வேலி நிலத்துக்குத் தண்ணி பாய்ச்சினா எப்படி? காசே வேணாம், இதை வச்சுக்குங்க. என் பேர் கெடுதுண்ணே."

"மெதுவா பேசு தம்பி." இராஜாங்கம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் வீடியோவை நேரா அவன் போனுக்கே அனுப்புவோம். பாத்துட்டுக் கட்டை விரல் படம் ஒண்ணு போடுவான். அவ்வளவுதான். அவங்கம்மா அந்த விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நீ கடையில பெருசைப் போட்டியே, தொட்டதும் ஓடுச்சு. அதான் சின்னதே போதும்னேன்."

உள்ளே அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அவர் கஞ்சத்தனத்தை அலசி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பேருக்கு நான் பொறுப்பு. நான்தான் கருமின்னு அவன்கிட்டயே சொல்லிடுறேன்."

நௌஷாத் பெட்டியைத் திரும்ப வண்டியில் வைத்துக் கயிற்றை இறுக்கினான்.

இராஜாங்கம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நேத்து அரை மணி நேரத்துல ஓடி முடிஞ்சிடுச்சு தம்பி. இதைவிட மெதுவா ஓடுறது ஏதாவது வச்சிருக்கியா?"