பூட்டிய அறைக்குள் ஒரு வாசல்

சாலையை அகலப்படுத்த வீட்டை இடித்தபோது, செண்பகவல்லியால் காப்பாற்ற முடிந்தது நிலைவாசலை மட்டும்தான். வாடகைக் கிடங்கில் ஓர் அறை பிடித்து அதை நிறுத்தி வைத்திருந்தாள். இந்த மாத வாடகையோடு, அவள் கேட்காமலே காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்து வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமையானா உள்ள சூடம் காட்டுறீங்க, கேமராவுல பார்த்தோம். தீப்பிடிச்சா என்னம்மா பண்றது?" என்றான் கிடங்கு மேனேஜர். "இப்ப எரிஞ்சாலும் கவலையில்ல. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் குடுத்துடும்."

"என் வீட்டை இடிச்சவனும் இதைத்தான்டா சொன்னான்."

விடுவிடுவென்று போய்த் தன் அறையின் ஷட்டரைத் தூக்கினாள். படியை மிதிக்காமல் வலது காலை வைத்து நிலையைத் தாண்டி, அந்தப் பக்கம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"பேசணும்னா உள்ள வந்து பேசு."

வாடகை பில்லோடு பின்னாலேயே வந்தவன், நிலைக்கு முன்னால் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.