எழுதாத வசனம்

"ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சா அங்கியே கலைச்சுட்டு வா. இல்லாட்டி இந்த வீட்டுப் பக்கம் வராத!"

மாமியார் வேஷத்தில் பூமாலை மைக்கைப் பார்த்துச் சீறியதும், மருமகளாக நடித்த பிரபாவதி விம்மி அழுதாள்.

பிறக்குமுன் ஆணா பெண்ணா என்று பார்ப்பதை எதிர்க்கும் நாடகம், திண்டிவனத்தில் ஒரு சமுதாய வானொலியில் பதிவாகிக்கொண்டிருந்தது. நடிக்க ஆள் தேவை என்ற அறிவிப்பைக் கேட்டு, விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த இருவரையும் இயக்குநர் பிராமி அன்றுதான் பார்த்தாள்.

பதிவை நிறுத்தினாள். "பிரமாதம்மா! ஆனா, இந்த வசனத்த நான் எழுதலியே?"

"எம் மாமியார் எங்கிட்ட சொன்னதும்மா. அப்படியே வாயில வந்துடுச்சு."

பிராமி ஹெட்போனைக் கழற்றினாள். "அந்தக் கொழந்த?"

பூமாலை முந்தானையால் பிரபாவதியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இதோ, நின்னுக்கினு அழுவுதே, இதான்."

"யம்மா, இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ உங்கப்பாவப் பெத்த ஆயா மேல உசுரா இருந்த. எப்படிடி சொல்றது?"

"ஆயாவுக்கு நீ என்னம்மா பதில் சொன்ன?"

பூமாலை மகளின் காதில் சொன்னாள். பிரபாவதியின் முகம் மலர்ந்தது. பிராமி பதிவை மறுபடி தொடங்கியதும், பிரபாவதி மைக்கை நெருங்கினாள்.

"ஸ்கேன்லாம் பாக்க மாட்டேன் அத்தே. எது பொறந்தாலும் தூக்கிக்கினு இங்கதான் வருவேன். நீங்கதான் ஆரத்தி எடுக்கணும்!"